முப்பத்து மூன்று பேர் பார்த்தால் ஒரு கிராம்

வீடியோ எடுப்பதற்காகத் திருஷ்டி பொம்மையை ஐந்து நிமிடம் இறக்கி வைத்தோமே, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சித்தாள் மாதம்மாளின் எடை குறைய ஆரம்பித்தது. உடம்பு இளைக்கவில்லை. கை அதே கை, புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டை அதே சட்டை, பித்தான்கள்கூட அதே இடத்தில்தான் இறுக்கின. எடை மட்டும் போனது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் போவதுபோல, யாருக்கும் சத்தம் கேட்காமல். அவளோடு பதினெட்டு வருடம் வேலை செய்த மேஸ்திரி நான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் வேறு யாராவது சொன்னால் பாவம் பார்த்து என்னைத் தப்பவிட்டுச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கான்ட்ராக்டர் மகுடபதி, பாலக்கோடு பக்கத்தில் இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுத்தவர். அவர் கட்டிய வீட்டில் மழை ஒழுகியது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டின வீடு பேசும், நான் எதற்குப் பேச வேண்டும் என்பார். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக் கான்ட்ராக்டர் பிடிக்கிற காலம் மலையேறிவிட்டது. ஓசூரிலிருந்து வந்த ஒரு கம்பெனி, கட்டி முடித்த வீடுகளை எல்லாம் பாட்டுப் போட்டு, பறந்து பறந்து படம் எடுத்து, எல்லார் போனிலும் விட்டது. எங்கள் ஊர்க்காரர்களே அந்த வீடுகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரு வருடம் முழுக்க மகுடபதிக்கு ஒரே ஒரு வேலைதான் வந்தது, பைபாஸ் ஓரமாக ஒரு வாத்தியார் தம்பதிக்கு மாடி வீடு. நாங்கள் நாற்பது பேர் அந்த ஒரு வீட்டைக் கூழ் குடிப்பதுபோல ஆற்றி ஆற்றிக் கட்டினோம்.

அது முடிகிற சமயத்தில்தான் மகுடபதி வீடியோக்கார இன்பராஜைக் கூட்டிவந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அவன்தான். வந்ததும் வீட்டை ஏற இறங்கப் பார்த்தான், பிறகு பொம்மையைப் பார்த்து முகம் சுளித்தான். அஸ்திவாரம் போட்டதிலிருந்து முன்பக்கக் கம்பியில் தொங்கிய பொம்மை அது. வைக்கோல் உடம்பு, பூசணிக்காய் முகம், கரிமீசை, தொங்குகிற சிவப்பு நாக்கு. போட்டிருந்தது என் பழைய நீலச் சட்டையும் பேன்ட்டும். கட்டுகிற வீட்டைப் பார்த்து வயிறு எரிகிறவர்களின் முதல் பார்வை அதன்மேல் விழ வேண்டும், வீட்டின்மேலோ ஆள்மேலோ விழக் கூடாது. அதற்குத்தான் அது அத்தனை அசிங்கமாக இருந்தது.

“இது ஃப்ரேமையே கெடுக்குது சார்” என்றான் இன்பராஜ்.

“கிரகப்பிரவேசம் முடியாம பொம்மைய எறக்கக் கூடாதுங்க சார்” என்று நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

“அஞ்சு நிமிசம் மேஸ்திரி. எடுத்துட்டு மாட்டிறலாம்” என்றார் மகுடபதி.

இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறி, என் கையாலேயே கட்டை அவிழ்த்து, பொம்மையைச் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் குப்புறப் படுக்க வைத்தேன்.

வீட்டை எல்லாப் பக்கமும் எடுத்த பிறகு, வெறும் வீடு பிணம் மாதிரி இருக்கிறது, யாராவது ஒரு ஆள் நடக்க வேண்டும் என்றான் இன்பராஜ். மாதம்மாளைக் கூப்பிட்டார்கள். சும்மாடு வைத்து, தலையில் சட்டியோடு படியேறிப் போய், மேலே நின்று திரும்பிச் சிரிக்கச் சொன்னான். வேலை முடிந்த வீட்டில் கலவைக்கு எங்கே போவது, காலிச் சட்டியைத்தான் கொடுத்தோம். பதினெட்டு வருடத்தில் அவள் சுமை இல்லாமல் ஒரு படிகூட மேலே ஏறியதில்லை. மேல்படியில் திரும்பியபோது சிரித்தாளே ஒரு சிரிப்பு, அது இன்பராஜ் சொல்லி வந்த சிரிப்பில்லை. தலையில் ஒன்றுமே இல்லை என்ற ஆச்சரியத்தில் வந்த சிரிப்பு. பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியை மட்டும் வெட்டி, கீழே மகுடபதியின் போன் நம்பரைப் போட்டு, அன்று சாயங்காலமே விட்டார்கள்.

ஒரு வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், மஸ்கட்டிலிருந்து ஒருவர், அந்தச் சிரிக்கிற அம்மா வேலை செய்கிற கான்ட்ராக்டர்தான் வேண்டும் என்று போன் செய்தார்கள். நாங்கள் புதிதாக மூன்று இடத்தில் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டினோம், மூன்று பொம்மை தொங்கவிட்டோம். அங்கேதான் ஒருநாள் மாதம்மாள் சாரப்பலகையில் நடக்கும்போது பலகை வளையவில்லை என்பதைப் பார்த்தேன். அன்று மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்தில் மணல் அழுந்தவில்லை. பழைய இரும்புக் கடை சாகுல் பாய் அவளைத் தராசில் ஏற்றினார். ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்திரண்டு இருந்தாள்.

ஊர் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்கு முடி போகிறது, ஒருத்தருக்குக் கண் போகிறது, இவளுக்கு எடை போகிறது என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை எதற்கு, நேராகவே சாப்பிடு என்று கம்பி கட்டுகிறவர்கள் துண்டுக் கம்பியை நீட்டிக் கேலி செய்தார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இருந்திருந்தால் உனக்கு அரை டிக்கெட்தான் போட்டிருப்பேன் என்று சொன்ன கண்டக்டர், அவளைப் படிக்கட்டுப் பக்கம் நிற்கவிடாமல் நடு சீட்டில் இரண்டு பெரிய பெண்களுக்கு நடுவே உட்கார வைத்தார். பிறகு, அவளால் என்னென்ன உபயோகம் என்று ஊர் கண்டுபிடிக்க ஆரம்பித்தது. அன்றுதான் ஒட்டிய டைல்ஸ் தரையில் நடந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வர அவளைக் கூப்பிட்டார்கள். கோயில் கோபுரத்தில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்க அவளை ஏற்றினார்கள். ரைஸ்மில்காரர், முன்பு இரண்டு ஆண்கள் ஏறி, ஓடு உடைந்து விழுந்து செத்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அவளை நடக்கவிட்டு எல்லாப் பொத்தலையும் அடைத்துக்கொண்டார். எல்லாரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள், கூலி மட்டும் யாரும் கூட்டித் தரவில்லை.

அவளும் முகம் கோணவில்லை. புடவைத் தலைப்பில் ஒரு ஜல்லிக்கல்லை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள், பிறகு மூன்று கல், பிறகு ஒரு செங்கல். வேலை நேரத்தில் கஷ்டம் இல்லை, தலைச்சுமை இருக்கிறவரை அவள் எங்களைப்போல நடந்தாள். சாயங்காலம் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கை கால் கழுவும்போதுதான் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் பேச்சை நிறுத்தாமலே அவள் தோளில் கையை வைத்து அழுத்துவார்கள், சரிந்த முந்தானையை ஏற்றிவிடுவதுபோல.

ஆறு லட்சம் ஆனபோது சாகுல் பாய்தான் கண்டுபிடித்தார். போனில் ஓடுகிற எண்ணையும் தராசில் நிற்கிற முள்ளையும் ஒரு அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மேஸ்திரி, லட்சம் பேருக்கு மூணு கிலோ போவுது. முப்பத்து மூணு பேரு பாத்தா ஒரு கிராம். பதினேழு லட்சம் வந்தா முள்ளு சைபருக்கு வந்துரும்.”

எனக்கு உடனே புரிந்தது. பார்வை எங்காவது விழுந்துதான் ஆக வேண்டும். வாங்கிக்கொள்ள வேண்டிய பொம்மையை நான் குப்புறப் போட்டிருந்தேன், அதனால் பார்வை அந்தப் பதினோரு விநாடியில் இருந்த ஒரே ஆள்மேல் விழுந்துகொண்டிருந்தது. பொம்மையைத் திரும்ப மாட்டலாம் என்று வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன். கிரகப்பிரவேசம் முடிந்து பால் காய்ச்சிக் குடிவந்துவிட்ட வீட்டில் பூசணிக்காய்த் தலையை ஏன் மாட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்பராஜிடம் கெஞ்சிப் பொம்மையை மட்டும் தனியாக ஒரு வீடியோ போடச் சொன்னேன். அதை மொத்தம் இருபத்தேழு தடவை பார்த்தார்கள், அதில் நான் மட்டும் ஒன்பது தடவை.

கொடுமை என்னவென்றால், விஷயம் தெரிந்த பிறகுதான் அதிகம் பேர் பார்த்தார்கள். எந்த வீடியோ, எந்த வீடியோ என்று கேட்டவர்களுக்கு எல்லாரும் போனை எடுத்துக் காட்டினோம். பாவம் என்று சொல்லிக்கொண்டே பார்த்தோம். அவள் தங்கச்சி அழுதுகொண்டே பார்த்தாள்.

நான்கு பேராக மகுடபதியிடம் போனோம். மாதம்மாளும் வந்தாள், மடியில் செங்கல்லோடு.

“அந்த வீடியோவ எடுத்துருங்க சார். இவ எடை போவுது” என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கண்கலங்கித்தான் கேட்டார். “மேஸ்திரி, அதப் பாத்துட்டுத்தான் பதினோரு வீடு வந்துருக்கு. போன வருசம் இந்நேரம் நீ எங்க இருந்த, சொல்லு.”

போன வருடம் இந்நேரம் நான், இங்கே வேலை இல்லாத நாட்களில், பெங்களூரில் ஒரு ரோட்டு முனையில், கரணையைக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று நின்றிருந்தேன். என்னோடு வந்த மூன்று பேரும் அப்படித்தான் எங்கெங்கோ நின்றிருந்தார்கள். அந்த நேரத்தில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாதம்மாள்தான் பேசினாள். “வீடியோ இருந்துட்டுப் போவட்டும் சார். எனக்கு ஒரு தளம் போட்டுக் குடுங்க.”

கவர்ன்மெண்ட் திட்டத்தில் அவளுக்கு ஒரு ஒற்றை அறை வீடு வந்திருந்தது. சுவர் தளம் போடுகிற மட்டம்வரை வந்து இரண்டு வருடமாக நின்றுபோயிருந்தது. அவள் பக்கத்திலேயே நாலு தகரத்தை நிறுத்திப் படுத்திருந்தாள்.

“தகரம் காத்துக்கே போவுது. கான்கிரீட்டுன்னா, நான் மொத்தமா எடை போனாலும் மேல்தளத்துல போயி ஒட்டிக்கிட்டு நிப்பன். வீட்டுக்குள்ளதான இருப்பன். நாலு பேரு வந்தா நிமுந்து பாத்துப் பேசலாம். வெளிய போயிட்டன்னா என்ன யாரு தேடுவாங்க?”

மகுடபதி எழுந்து நின்று சத்தியம் செய்தார். தளம் தன் செலவு, தளம் போட்டு முடித்த அன்றே வீடியோவை அழித்துவிடுவேன் என்றார். அப்போது ஒன்பது லட்சம் ஆகியிருந்தது. ஆனி கடைசி. நாலு நாளில் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் அடித்துவிடலாம் என்று பலகை இறக்கியபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது தளம் போடுவார்களா என்று ஊர் கேட்டது. நானும் அதையே சொன்னேன், ஒரு மாசம்தானே, நல்ல காரியத்தை நல்ல மாசத்தில் செய்வோம் என்று. பலகைகள் அடுக்கியபடி கிடந்தன. அந்த ஒரு மாசத்தில் அவள் இருபத்திரண்டு கிலோ இழந்தாள்.

“ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், நான் எம்மாத்தரம்ணா” என்று சிரித்தாள். தகரத்துக்குள் இரண்டு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் கயிறு கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பகலில் சித்தாள் வேலைக்கு விடாமல் வந்தாள். சுமை இல்லாமல் வீட்டில் இருந்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை தளம் போட நாள் குறித்தோம். கூலி வாங்காமல் நாற்பது பேரும் வந்தோம். தளம் போடுகிற நாளில் வேலைக்காரர்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம், அவள் தங்கச்சி விடியும் முன்பே அண்டாவை ஏற்றிவிட்டாள். வீட்டு முகப்பில் ஒரு உயரமான மூங்கிலில் மாதம்மாள் கட்டிய பொம்மை தொங்கியது. அந்த ஊரில் புடவை கட்டிய திருஷ்டி பொம்மை அது ஒன்றுதான், மேலே அவளுடைய ஆம்பிளைச் சட்டை. மகுடபதி வெள்ளைச் சட்டையில் வந்தார், இன்பராஜும் வந்தான். தன் சித்தாளுக்கே வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் என்று புது வீடியோ, அது ஓடினால் பழையது யாருக்கும் தேவைப்படாது என்று திட்டம்.

“அந்தப் பொம்மைய ஒரு அஞ்சு நிமிசம்” என்று இன்பராஜ் ஆரம்பித்தான்.

“அதத் தொடாத தம்பி” என்றாள் மாதம்மாள். அவன் தொடவில்லை.

அன்று காலை அவள் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கீழேயே இரு, கறிக்குழம்பைப் பார்த்துக்கொள் என்று எல்லாரும் சொன்னோம். இருநூறு வீட்டுக்குத் தளம் தூக்கியவள் தன் வீட்டுக்குத் தூக்காமல் இருப்பதா என்று கேட்டாள். கலவைச் சட்டி இருக்கும்போது செங்கல் எதற்கு என்று மடியை அவிழ்த்து வைத்தாள். நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: அவள் கொண்டுவருகிற கலவையை யாரும் கொட்டக் கூடாது, அந்த ஒரு சட்டி கடைசிவரை அவள் தலையிலேயே இருக்கட்டும், தளத்தில் என் பக்கத்தில் வரிசையில் நின்றால் போதும்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. சிரிக்கும் சித்தாளுக்கு இன்று சொந்த வீடு, புது வீடியோ விரைவில் என்று மகுடபதி காலை ஆறு மணிக்கே பழைய பதினோரு விநாடியின் கீழே எழுதியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார். விடிந்ததிலிருந்து ஊர் உலகமெல்லாம் அதைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்குப் பதினேழு லட்சம் தாண்டிவிட்டது. பதினேழில் முள் சைபருக்கு வரும் என்று சாகுல் பாய் சொன்னார், அதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தளம் வேலையில் நிற்க நேரம் கிடையாது, கலவை காத்திருக்காது. ஏணியில் சட்டி கைமாறிக் கைமாறி மேலே வரும், தளத்தில் நிற்கிற மேஸ்திரி வாங்குவான், கவிழ்ப்பான், காலிச் சட்டியைத் திருப்பித் தருவான், அடுத்ததற்குக் கை நீட்டுவான். கண் பார்க்க வேண்டாம், கையே செய்யும். ஆயிரம் சட்டிக்குப் பிறகு கை உன் பேச்சைக் கேட்பதில்லை. பதினொன்றரைக்கு இன்பராஜ் பக்கத்துச் சுவர்மேல் ஏறி, எல்லாரும் இங்கே ஒரு தடவை பாருங்கள் என்றான். நான் பார்த்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு பார்த்தேன். கை பாட்டுக்குப் பக்கத்துத் தலையிலிருந்து ஒரு சட்டியை வாங்கியது, கவிழ்த்தது, காலியைத் திருப்பித் தந்தது.

தந்த பிறகுதான் திரும்பினேன். மாதம்மாள் காலிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் தலை உயரத்தில் இருந்தாள். பாதத்திலிருந்து ஈரக் கலவை சொட்டியது. அவள் முகத்தில் பயம் வருவதற்கு முன்னால் அந்தப் பழைய சிரிப்புத்தான் வந்தது, தலையில் ஒன்றும் இல்லை என்கிற சிரிப்பு. எகிறிப் பிடித்தேன். புடவை நுனி விரலில் உரசிப் போனது. பொம்மை உயரம், வேப்பமர உயரம், செல்போன் டவர் உயரம். சட்டியை மட்டும் அவள் கீழே போடவில்லை, யார் தலையிலாவது விழும் என்று நினைத்திருப்பாள். தங்கச்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்கு வெறும் வானம் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தளத்தை முடித்தோம். பாதியில் விட்டால் இணைப்பில் ஒழுகும். அழுதுகொண்டே மட்டம் பார்த்தோம், அவள் நின்ற இடத்தில் இருந்த இரண்டு பாதத் தடத்தையும் நான்தான் தேய்த்துச் சமன் செய்தேன்.

மகுடபதி சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே பழைய வீடியோவை அழித்தார். இருபத்தோரு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். சென்ட்ரிங் பிரித்த அன்று புது வீடியோவைப் போட்டார். பாட்டெல்லாம் இல்லை, அவள் மேலே போகிறவரை எடுத்தது அப்படியே இருந்தது. இன்பராஜ் பொம்மையைத் தொடவில்லைதான், ஆனால் போனில் விரலால் தேய்த்தாலே வேண்டாததை அழித்துவிடலாமாம், அழித்திருந்தான். அதில் நாங்கள் எல்லாரும் இருந்தோம், முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்தபடி. மகுடபதியும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி இருந்தார். முதல் நாள் ஒவ்வொருவரும் அவரவர் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தோம். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சாகுல் பாய் கணக்கு எழுதவில்லை, அவரும் அன்று கறிச்சோற்றுக்கு வந்து படத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்ததும் நாங்கள் மாதம்மாள் வீட்டுக்குப் போகிறோம். கையோடு கை கோத்துக்கொண்டு, மடியில் கல்லோடு, காற்று அடிக்காத சந்து வழியாகப் போகிறோம். வாசலில் செருப்பு விடுவதுபோல அவரவர் கல்லை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறோம். சாத்தியதும் ஒவ்வொருவராக மேலே போய்த் தளத்தில் முதுகு ஒட்டிக்கொள்கிறோம். சென்ற மாதத்திலிருந்து மகுடபதியும் வருகிறார். யாரும் அவரை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, தள்ளிப் படுத்து இடம் கொடுத்தோம். கீழே தரையில் அவள் தங்கச்சி சோறு ஆக்குகிறாள், அவள் மட்டும் அன்று அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்ததால் படத்தில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாள். தளம் கெட்டியாக இருக்கிறது, ஒரு பொட்டு ஒழுகவில்லை. எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தாலும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு வைக்கிறோம். வீடு அவளுடையது.